மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

கத்திரி வெயில் நாளொன்றில், இரவு பத்து மணிக்கு உங்கள் படுக்கையறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பொழுது சாய்ந்து மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். தெருவில் லேசாகக் காற்றுகூட அசையத் தொடங்கியிருக்கும். சுவர் மட்டும் காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி மாதிரி சுடும்.

வேலூரை ஒட்டிய எங்கள் வீட்டில் அந்தச் சுவரோரமாகத்தான் அப்பாவின் கட்டில் கிடந்தது. பங்குனி பிறந்ததும் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடச் சொல்வார். சித்திரையில் இரண்டு முழம். வைகாசியில் கட்டில் அறையின் நடுவுக்கே வந்துவிடும். ஆவணி மழை இறங்கிய பிறகுதான் மறுபடி சுவரோரம் போகும். எழுபத்தெட்டு வயதில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள மனிதர், ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டே கிடப்பார். காலையில் கேட்டால், "தூக்கம் வரலைப்பா, சுவர் காந்துது" என்பார். சுவர் காந்துகிறது என்ற சொல்லின் முழு அர்த்தம் எனக்கு அந்த வீட்டில்தான் விளங்கியது.

அந்தச் சுவர் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். வீடு கட்டும்போது ஒப்பந்தக்காரர் சொன்னார்: "மேற்குப் பக்கம் நாலரை அங்குலம் போதும் சார். ரூம் பெருசாக் கிடைக்கும், கல்லும் மிச்சம். பாரத்தைத் தூணும் பீமும் பார்த்துக்கும்." பாரத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. வெயிலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. தை மாதத்தில் பால் காய்ச்சினோம். தையில் எந்தச் சுவரும் குற்றம் சொல்ல இடம் தராது. சித்திரை வந்து சுவரின் குணம் தெரிந்தபோது கடைசித் தவணைப் பணத்தையும் கொடுத்து முடித்திருந்தோம். நம் ஊரில் பெரும்பாலான புது வீடுகளின் கதை இதுதான். நல்ல மாதம் பார்த்துக் குடிபோகிறோம். அந்த நல்ல மாதம் குளிர்ந்த மாதமாக அமைந்துவிடுகிறது.

பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பத்தடி உயரம், பன்னிரண்டடி நீளம். 120 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 11 சதுர மீட்டர் சுவர். நேர் வெயில் விழும் சுவரின் வெளிமுகம் கோடையில் மாலை நான்கு மணிக்கு 50 டிகிரியைத் தொடும். உள்ளே ஏசி போட்டு 26 டிகிரியில் வைத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர், இந்த வித்தியாசத்துக்கு உள்ளே விடுகிற வெப்பம் ஏறக்குறைய 750 வாட். துணி தேய்க்கிற சாதாரண இஸ்திரிப் பெட்டியின் அளவு அது. அந்த அறையில் மாலை முழுவதும் ஓர் இஸ்திரிப் பெட்டி அணைக்காமல் எரிந்துகொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு டன் ஏசி வெளியே தள்ளக்கூடிய மொத்த வெப்பமே சுமார் 3,500 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கை இந்த ஒற்றைச் சுவர் தின்றுவிடுகிறது. சன்னல், கூரை, ஆட்கள், விளக்கு எல்லாம் இதற்கு மேல்.

அதே சுவர் ஒன்பது அங்குலமாக இருந்திருந்தால் 550 வாட்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கும். காற்றுக்குமிழிகள் நிறைந்த இலேசான கல்லான ஏஏசி பிளாக்கில் எட்டு அங்குலம் கட்டியிருந்தால் 200. ஆறு அங்குலக் காங்கிரீட் சுவராக வார்த்திருந்தால் 900-ஐத் தாண்டியிருக்கும். இவை தோராயமான எண்கள்தான். வெயில் ஏறி இறங்குவதையும், சுவர் வெப்பத்தைப் பிடித்து வைத்து மெல்ல விடுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் எண்கள் மாறும்; எது மோசம், எது நல்லது என்ற வரிசை மாறாது.

வெப்பத்தைப் பிடித்து வைப்பதைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஏனென்றால் சுவரைப் பற்றி நாம் பேசும்போது இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். சுவர் எவ்வளவு வெப்பத்தை விடுகிறது என்பது ஒன்று. எத்தனை மணி நேரம் கழித்து விடுகிறது என்பது இன்னொன்று. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில், வெளியே பட்ட உச்ச வெப்பம் உள்முகத்துக்கு வந்துசேர ஆறேழு மணி நேரம் பிடிக்கும். மாலை நான்கு மணி வெயில் இரவு பத்து, பதினொன்றுக்கு நம் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். எங்கள் நாலரை அங்குலச் சுவரில் எட்டு மணிக்கே உச்சத்துக்கு வந்து, படுக்கிற நேரத்திலும் இறங்காமல் கிடந்தது.

"தாத்தா காலத்து வீடெல்லாம் எவ்வளவு குளிர்ச்சி" என்று சொல்லாதவர் யாருமில்லை. ஒன்றரை அடிச் சுவர், சுண்ணாம்புக் காரை, உயர்ந்த கூரை, முற்றம். எல்லாம் உண்மை. ஆனால் அந்த வீடுகளில் கோடை இரவில் யாரும் அறைக்குள் படுக்கவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். ஆண்கள் திண்ணையில், பெண்களும் பிள்ளைகளும் முற்றத்தில் அல்லது மொட்டை மாடியில். பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்திருந்த தடிச்சுவர் அதை உள்ளே இறக்கிவைத்த நேரத்தில் உள்ளே ஆளே இல்லை. விடிந்து அவர்கள் உள்ளே வரும்போது சுவர் ஆறியிருக்கும். அந்தச் சுவரும் அந்த வாழ்க்கையும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன. இன்று கொசுவுக்கும் திருட்டுக்கும் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுக்கிறோம். திண்ணை போய்விட்டது. மாடியில் தண்ணீர்த் தொட்டியும் டிஷ் ஆண்டெனாவும். ஆகவே சுவரைத் தடியாகக் கட்டினால் போதும் என்று இன்று சொல்வது பாதிப் பதில்தான். படுக்கையறைச் சுவர் வெப்பத்தைத் தாமதமாக விட்டால் போதாது. குறைவாக விட வேண்டும்.

இது ஒரு வீட்டின் தூக்கப் பிரச்சினை மட்டுமல்ல. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம். பகலில் சூரிய ஒளித் தகடுகள் கைகொடுக்கின்றன. சூரியன் போன பிறகு அவை வெறும் கண்ணாடிப் பலகைகள். அந்த நேரம் பார்த்துத்தான் லட்சக்கணக்கான மேற்குச் சுவர்கள் பகலில் வாங்கிய வெயிலை அறைகளுக்குள் விடுகின்றன, ஏசிகள் மூச்சு வாங்குகின்றன. அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்தோ, வெளிச்சந்தையில் கூடுதல் விலை கொடுத்தோதான் வர வேண்டும். வீட்டுக்கு வீடு சுவரில் விட்டதை மாநிலம் மின்சாரத்தில் பிடிக்கப் பார்க்கிறது.

சுவர் மெலிந்ததற்குக் காரணங்கள் உண்டு. மனை விலை ஏறியதும் சதுர அடிக்குக் கணக்குப் பார்த்தோம். சுவரின் தடிமன் வீண் இடமாகத் தெரிந்தது. பாரத்தைத் தூண்கள் சுமக்க ஆரம்பித்ததும் சுவர் வெறும் தடுப்பாகிவிட்டது. செங்கல்லுக்கும் தட்டுப்பாடு. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணைக் கண்டபடி வெட்டியதால் 2021-இல் சூளைகள் மூடப்பட்டன, மூடியது நியாயம்தான். ஆனால் செங்கல்லுக்குப் பதில் பல இடங்களில் வந்து உட்கார்ந்தது சாலிட் பிளாக் என்கிற கெட்டிக் காங்கிரீட் கல். வெயிலைப் பொறுத்தவரை அது செங்கல்லைவிட மோசம். நகரத்து அடுக்குமாடிகளில் அலுமினிய ஷட்டரிங் வைத்துச் சுவர், தளம் எல்லாவற்றையும் ஒரே வார்ப்பாகக் காங்கிரீட்டில் இறக்கிவிடுகிறார்கள். வேலை வேகம், பூச்சு மிச்சம், உறுதியும் நிச்சயம். ஆனால் வெளிப்பக்கம் எந்தக் காப்பும் இல்லாத அந்த ஆறு அங்குலக் காங்கிரீட் சுவர், எங்கள் நாலரை அங்குலச் செங்கல்லைவிடக் கூடுதலாக வெயிலை உள்ளே விடும். பத்தாவது மாடியில் நிழல் தர மரமும் இல்லை. கோடி ரூபாய் கொடுத்து வாங்குகிறவர்களிடம் விற்பனைக் கையேடு நீச்சல் குளத்தைக் காட்டுகிறது. மேற்குச் சுவர் எதனால் ஆனது என்று சொல்வதில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் செலவில்லாதது. மேற்கே படுக்கையறை வைக்காமல் மாடிப்படி, குளியலறை, சாமான் அறை வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் கன்னி மூலையில்தான் குடும்பத் தலைவரின் படுக்கையறை என்று வாஸ்து சொல்கிறது. கன்னி மூலை என்பது தென்மேற்கு. மாலை வெயில் முழுக்க அடிக்கிற மூலை. வாஸ்து பார்க்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த மூலை கனமாக இருக்க வேண்டும் என்றும் அவர்களே சொல்கிறார்கள் அல்லவா? அந்தக் கனத்தைச் சுவரில் காட்டுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அடுத்தது நிறம். வெள்ளையோ இளமஞ்சளோ அடித்த சுவர் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். இப்போது முகப்புக்கு அழகு என்று அடர் சாம்பலும் காப்பிக்கொட்டை நிறமும் பூசுகிறார்கள். அது விழுகிற வெயிலில் முக்கால்வாசிக்கு மேல் குடித்துவிடும். அதை வடக்குப் பார்த்த முகப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், மேற்குக்கு வேண்டாம். நிழலும் அப்படித்தான். மேற்கு வெயில் சாய்ந்து வருவதால் சன்னலுக்கு மேல் வைக்கிற இரண்டடி சன்ஷேட் மாலையில் உதவாது. சுவருக்கு முன்னால் செங்குத்தாக எதையாவது நிறுத்த வேண்டும்: மரம், கொடிப்பந்தல், ஓட்டைக்கல் திரை, மூங்கில் தட்டி. கூரையைப் பற்றி இங்கே அதிகம் பேசவில்லை. தட்டோடு பதிப்பதும் வெள்ளைப் பூச்சு அடிப்பதும் மக்களுக்குத் தெரிந்துவிட்டது. சுவரைத்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை.

இனி சுவர். இதில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. அசையாமல் அடைபட்டு நிற்கும் காற்றைவிட மலிவான காப்பு எதுவும் இல்லை. இரண்டு சுவர்களுக்கு நடுவே இரண்டு அங்குலம் காற்று விட்டால், அது ஐந்து அங்குலத்துக்கும் மேற்பட்ட செங்கல்லின் வேலையைச் செய்யும். ஏஏசி பிளாக் இலேசாக இருப்பதும் வெப்பத்தைத் தடுப்பதும் அதற்குள் கோடிக்கணக்கான சின்னக் காற்றுக்குமிழிகள் இருப்பதால்தான். துளை போட்ட களிமண் பிளாக்குகளும் அதே தத்துவம். தெர்மாகோல் அதன் உச்சம்: ஓர் அங்குலத் தெர்மாகோல், ஏறக்குறைய இரண்டடிச் செங்கல் சுவர் தடுப்பதைத் தடுக்கும்.

இந்தக் காற்றைச் சாதாரணச் செங்கல்லிலேயே பிடிக்கும் வழியை நம் பக்கத்துக்குப் பரப்பியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917-இல் பிறந்து, 1945-இல் இந்தியா வந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்தவர். ரேட் ட்ராப் பாண்டு என்று சொல்கிறார்கள், எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி, இரண்டு கல்லுக்கு நடுவே மூன்று அங்குலம் வெற்றிடம் விட்டு, இடையிடையே குறுக்குக் கல் போட்டுக் கட்டுவது. சுவர் பார்வைக்கு ஒன்பது அங்குலம்தான். செங்கல்லில் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம்.

என் தங்கை காட்பாடிப் பக்கம் வீடு கட்டியபோது மேற்குச் சுவரையாவது இப்படிக் கட்டலாம் என்று மேஸ்திரியிடம் பேசினேன். முப்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். "உள்ள வெறும் காத்துதான் சார் இருக்கும், பாரம் தாங்குமா?" என்றார். தூண் இருக்கிறதே என்றேன். "எலி, பாம்பு புகுந்துரும்." மூலைகள், தரைமட்ட வரி, நிலை ஓரம், லிண்டலுக்குக் கீழ் வரி எல்லாம் கெட்டியாகக் கட்டிவிட்டால் புக வழியில்லை என்று படம் போட்டுக் காட்டினேன். பதில் பேசாமல் பத்துக் கல்லை எடுத்து, கலவை இல்லாமல் மண்ணில் நிறுத்திப் பார்த்தார். பிரித்தார். மறுபடி அடுக்கினார்.

முதல் நாள் வேலை ஓடவில்லை. கரண்டியில் கலவை போடும்போது பாதி வெற்றிடத்துக்குள் விழுந்தது. விழுந்த கலவை உள்ளே குவிந்தால் இரண்டு பக்கத்தையும் அது ஒட்டிவிடும். வெயில் அந்தப் பாலத்தின் மேல் ஏறி வந்துவிடும். மூன்றங்குல அகலத்தில் ஒரு பலகைத் துண்டை வெட்டி, வெற்றிடத்தின் மேல் மூடிவைத்து, இரு ஓரமும் கலவை போட்டு, பலகையை எடுத்துவிட்டுக் கல் வைக்கச் சொன்னேன். பலகையில் கைப்பிடி வேண்டும் என்று அவரே சொல்லி, உடைந்த தாழ்ப்பாள் ஒன்றை அதில் அடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவருடைய கைக்கு அது பழகிவிட்டது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, "வெளிமுகம் இவ்ளோ சுத்தமா வருதே, பூசாமவே விட்ரலாம் போலிருக்கு சார்" என்றார். எலெக்ட்ரீஷியன்தான் அதைக் கெடுக்கப் பார்த்தார். பைப் பதிக்கச் சுவரை வெட்டினால் வெற்றிடம் உடைந்துவிடும். சுவிட்ச் போர்டுகளையெல்லாம் உள் சுவர்களுக்கு மாற்றச் சொல்லி முன்கூட்டியே கோடு போட்டிருந்ததால் தப்பித்தோம்.

எலிப்பொறிக் கட்டை மந்திரம் என்று சொல்லமாட்டேன். குறுக்குக் கற்கள் வழியாக வெப்பம் கடக்கத்தான் செய்யும். கெட்டி ஒன்பது அங்குலச் சுவரைவிட நல்லது. ஏஏசி அளவுக்கு வராது. ஆனால் சூளைச் செங்கல்லும் கைதேர்ந்த மேஸ்திரியும் மட்டுமே கிடைக்கிற ஊரில், கூடுதல் பொருள் எதுவும் வாங்காமல், கல்லை மிச்சம் பிடித்துக்கொண்டே செய்யக்கூடியது அது.

ஏஏசி பிளாக்குக்கு வருவோம். தண்ணீரில் மிதக்கிற அளவு இலேசு. அதனால் பீமிலும் தூணிலும் கம்பி குறைகிறது. நன்றாகக் கட்டினால் நல்ல சுவர். நன்றாகக் கட்டினால் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒட்டுவதற்கென்று வருகிற பசைக் கலவையை மூன்று மில்லிமீட்டர் கனத்தில் தடவிக் கட்ட வேண்டிய கல்லை, பழைய பழக்கத்தில் அரை அங்குலம் சிமென்ட் கலவை வைத்துக் கட்டுகிறார்கள். அந்த ஒவ்வொரு வரியும் வெப்பத்துக்கு ஒரு வாசல். தூணும் கல்லும் சேருமிடத்தில் கம்பிவலை வைத்துப் பூசாவிட்டால் ஒரே வருஷத்தில் கோடு விழும். கோட்டில் மழை இறங்கும். ஈரமான பிளாக் காப்புத் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடும். அப்போது வீட்டுக்காரர் கல்லைத் திட்டுகிறார். ஆணி நிற்காது என்பது இன்னொரு குறை. அதற்கென்று பிளக் இருக்கிறது. புதுக் கல் வந்த அளவுக்கு அதைக் கட்டும் பயிற்சி வரவில்லை. மேஸ்திரிகளுக்கு ஒரு வாரப் பயிற்சி கொடுப்பது இந்த மாநிலத்துக்குப் பெரிய காரியமே அல்ல.

வசதி உள்ளவர்கள் இப்போது வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துச் சுவருக்குள் ஃபோம், பஞ்சு, பிளாஸ்டிக் உறை என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. ஜெர்மனியிலும் கனடாவிலும் வீட்டின் உள்ளே வெதுவெதுப்பு, வெளியே உறைபனி. ஈரப்பதம் உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும். அதனால் ஈரத்தடுப்பு உறையைச் சுவரின் உட்பக்கம் வைக்கிறார்கள். சென்னை, கடலூர், நாகையில் நிலைமை தலைகீழ். வெளியே புழுக்கம், உள்ளே ஏசி. ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வேர்க்கிறது அல்லவா, ஏசி அறையின் சுவரும் அதே டம்ளர்தான். அங்கே செய்வதைப் பார்த்து உட்பக்கம் பிளாஸ்டிக் உறையோ, வினைல் வால்பேப்பரோ, ஆயில் பெயின்ட்டோ அடித்தால், வந்த ஈரம் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும். அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளி வைத்த சுவரைப் பலர் பார்த்திருப்பார்கள். நம் கடலோரத்துக்குக் காப்பு வெளிப்பக்கம் இருக்க வேண்டும், மழைக்கும் ஈரத்துக்குமான தடுப்பும் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், உள்பூச்சு மூச்சுவிடக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஃபோம் என்றால் நெருப்பையும் நினைக்க வேண்டும். லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு 2017 ஜூன் 14 அன்று எரிந்து 72 பேர் இறந்தார்கள். வெளிச்சுவருக்குப் போர்த்திய எளிதில் எரியும் பலகைகள்தான் ஒரு சமையலறைத் தீயைக் கட்டடம் முழுவதும் ஏற்றிச் சென்றன. உயரக் கட்டடங்களில் எரியாத கனிமப் பஞ்சைத் தவிர வேறெதையும் சுவரில் போர்த்த விடக்கூடாது. தனி வீட்டில் தெர்மாகோல் வைப்பதானால், தீப்பிடித்தால் பரவாத ரகம் கேட்டு வாங்கி, முழுக்கப் பூச்சுக்குள் மூட வேண்டும்.

எங்கள் வீட்டில் கடைசியில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். மேற்கே போதிய இடைவெளி இருந்தது. தரைமட்டத்தில் ஒரு சின்ன பீம் போட்டு, பழைய சுவரிலிருந்து இரண்டங்குலம் தள்ளி, நாலங்குல ஏஏசி பிளாக்கில் வெளியே இன்னொரு சுவர் எழுப்பினோம். பழைய சுவரோடு சேர்த்துக் கட்ட இடையிடையே துருப்பிடிக்காத கம்பி. மேலே மழை இறங்காமல் மூடி, வெளியே வெள்ளை. கணக்குப்படி வருகிற வெப்பம் மூன்றில் ஒரு பங்காக வேண்டும். நான் அளவுக் கருவி எதையும் வைத்துப் பார்க்கவில்லை. அடுத்த சித்திரையில் இரவு பத்து மணிக்குக் கை வைத்துப் பார்த்தேன்; கிழக்குச் சுவருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்பாவின் கட்டில் அந்த வருஷம் நகரவில்லை. முதலிலேயே செய்திருந்தால் இதில் பாதிச் செலவுகூட ஆகியிருக்காது என்பது இன்றும் உறுத்துகிறது.

இவ்வளவும் வீட்டுக்காரரின் தலையில் மட்டும் வைக்கிற காரியமா? சட்டம் ஒன்று இருக்கிறது. 2018 டிசம்பரில் மத்திய மின்துறை எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற பெயரில் குடியிருப்புகளுக்கான நெறியை வெளியிட்டது. ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நட்சத்திரம் கொடுக்கிற பி.இ.இ. அமைப்புதான் அதைத் தயாரித்தது. குளிர்ப் பிரதேசம் தவிர மற்ற இடங்களில், சுவரும் சன்னலும் சேர்ந்து உள்ளே விடுகிற வெப்பம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது என்பது அதன் சாரம். நல்ல விதி. ஆனால் அது குறைந்தது 500 சதுர மீட்டர் மனைக்கு என்று வகுக்கப்பட்டது. இரண்டு கிரவுண்டுக்கும் மேல். 2022-இல் திருத்திய எரிசக்திச் சேமிப்புச் சட்டம் குடியிருப்புகளையும் உள்ளே கொண்டுவந்தது; அதிலும் எல்லை 100 கிலோவாட் இணைப்பு. மாநிலங்கள் இதைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற வாய்ப்பு இருக்கிறது. அரை கிரவுண்டில் ஐந்து கிலோவாட் இணைப்போடு வீடு கட்டுகிறவரை இந்தச் சட்டம் எதுவும் தொடவில்லை. தமிழ்நாட்டில் கட்டப்படும் தனி வீடுகளில் மிகப் பெரும்பாலானவை அவருடையவை.

அவரைத் தொடுகிற கதவு ஒன்று 2024 ஜூலையில் திறந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம் என்று தமிழக அரசு அறிவித்தது. அலைச்சலைக் குறைத்த நல்ல ஏற்பாடு. அந்தப் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்க்கச் சொல்கிறேன். மேற்குச் சுவர் எந்தக் கல், எத்தனை அங்குலம், இடைவெளி உண்டா? கூரைக்குக் காப்பு என்ன? எளிய பட்டியல் ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் எதிரே அது விடும் வெப்பத்தை எழுதிவைத்தால் போதும். பொறியாளர் கணக்குப் போட வேண்டியதில்லை, பார்த்து டிக் அடிக்கலாம். தொடக்கத்தில் கட்டாயப்படுத்தக்கூட வேண்டாம். கேள்வி கேட்கப்பட்டாலே வீட்டுக்காரர் ஒப்பந்தக்காரரைத் திருப்பிக் கேட்பார். எனக்கு அந்தக் கேள்வியை யாரும் சொல்லித் தரவில்லை.

கட்டாயம் வேண்டியது அரசு தானே பணம் போட்டுக் கட்டுகிற வீடுகளில். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். 360 சதுர அடி. சின்ன வீட்டில் சுவரின் பாதிப்பு பெரிய வீட்டைவிட அதிகம். 18-க்கு 20 என்று வைத்தால் சுற்றளவு 76 அடி. பத்தடி உயரத்துக்கு 760 சதுர அடி வெளிச்சுவர். தரையைப் போல இரண்டு மடங்கு, நாலாபுறமும் வெயில். அங்கே ஏசி இல்லை. படுக்கையறைக்குப் பதிலாக மேற்கே ஒதுக்க வேறு அறையும் இல்லை. வயற்காட்டில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, அந்தச் சுவரோரம் பாய் விரிக்கிறார்கள். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் என்றது அரசு. வெயிலில் சாவது பகலில் தெருவில் மட்டும் நடப்பதல்ல. இரவிலும் உடம்பு ஆறாமல் போவதால் முதியவர்கள் வீட்டுக்குள்ளேயே துவண்டுபோகிறார்கள். அந்த நான்கு லட்சத்தில் ஒரு சிறு பங்கு ஒரு வீட்டின் மேற்குச் சுவருக்கு இடைவெளிக் கட்டும் வெள்ளைப் பூச்சும் கொடுக்கும்.

இந்த வீடுகளுக்குத் தவணைப் பணம் அடித்தளம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாகத்தான் தரப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து ஏற்றுகிறார்கள். சுவர்க் கட்டத்துக்கான படத்தை மேற்குப் பக்கத்திலிருந்து, பூச்சு ஏறுவதற்கு முன்னால் எடுக்கச் சொல்லி ஒரு வரி உத்தரவு போடலாம். பூசிய பிறகு நாலரையும் ஒன்பதும், இடைவெளியும் கெட்டியும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். அதற்கப்புறம் அதைக் கண்டுபிடிக்க அடுத்த சித்திரை வரை காத்திருக்க வேண்டும்.